ஜீப்பில் ஏறாதவர்

மெதுவாகப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. பஸ் படியில் நின்றுகொண்டு குடையை மடக்குகிற ஆள், கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடித் தேடி மாட்டுகிற ஆள், எல்லாரையும் பிடித்து ஒரு தள்ளு தள்ளலாம் போல இருக்கும். நான் மார்த்தாண்டத்துக்காரி. பஸ் நிற்பதற்கு முன்பே ஏறிப் பழகினவள். அப்படிப்பட்ட என்னைத் திருவனந்தபுரம் ரயில் நிலையத்து முன்பதிவு அலுவலகத்தில், அந்த ஊரிலேயே மெதுவான பெண்மணிக்குப் பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். என் தலையெழுத்து.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வலியசாலை அக்கிரகாரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். குட்டையான, கனத்த உடம்பு. மூக்கை விட்டு நழுவிக்கொண்டே இருக்கிற கண்ணாடி. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, "என்னைக் கேட்டுண்டா எழுதினே?" என்று கேட்பார்.

ஆபீசில் எல்லாரும் முதலில் மாமி என்றுதான் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நான் யாருக்காக்கும் மாமி? உங்க மாமாவை நான் பாத்தது கூடக் கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மேடம் ஆனார். எனக்கு மட்டும் அக்கா. அது அவர் கொடுத்த சலுகை இல்லை. நான் அப்படிக் கூப்பிட்டேன், அவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கவுன்டரில் அவர் முன்னால் நிற்கிற வரிசை நகரவே நகராது. பக்கத்தில் நான் மூன்று பேரை அனுப்புவதற்குள் அவர் ஒருவரின் ரிசர்வேஷன் பாரத்தை மேலிருந்து கீழே படித்து முடித்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். "மேடம், ஒண்ணு வேகமாகட்டே! வண்டி போயிடும்!" அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நிக்கணும். உங்க முறை வரச்சே உங்களுக்கும் இப்படித்தான் பாப்பேன். அப்போ பின்னாடி நிக்கறவா கத்தினா நான் கேக்க மாட்டேன், போருமா?" என்பார்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். கட்டட வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் எவ்வளவு நீளமானாலும் அவருடைய வரிசையில்தான் போய் நிற்பார்கள். என் வரிசை காலியாக இருந்தாலும் வரமாட்டார்கள். எனக்கு அது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அவமானம். மத்தியானம் கவுன்டர் மூடுகிற நேரத்தில், வரிசையில் நின்ற கடைசி ஆளை அனுப்பாமல் அவர் பலகையைத் திருப்ப மாட்டார். அவர் மூடாமல் ஷிப்டு கணக்கை யாரும் முடிக்க முடியாது. எத்தனை சனிக்கிழமை என் நாகர்கோவில் பஸ் போயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

"எக்கா, என் பஸ்ஸு போச்சு!"

"அடுத்த பஸ் வரும்டி குட்டி. அவன் காலம்பற முதல் நிக்கறான்."

அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடிக்காது. ஒளிக்காமலே சொல்கிறேன்.

ஒரு கல்யாணச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஆபீஸ் பியூன் மகளுக்குக் கல்யாணம். இலைக்கு அடியில் நீளமாகக் காகிதம் விரித்துப் போடுவார்கள் அல்லவா, பந்தி முடிந்ததும் ஒரு ஓரத்திலிருந்து காகிதத்தை இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வருவார்கள். எங்கள் வரிசையில் எல்லாரும் எழுந்துவிட்டோம். அவர் மட்டும் இரண்டாவது பாயசத்தை இலையில் ஊற்றி, பழத்தைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுருட்டுகிற பையன்கள் இருவர் அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாகிவிட்டது. "மதியல்லே மேடம்?" என்று கேட்டான் ஒருவன். மலையாளத்தில் மதி என்றால் போதும். அவர் தலையைத் தூக்காமலே, "யாருக்கு மதின்னு யாரு சொல்லணும்? மோர் வரட்டும்" என்றார். மோர் வந்தது. சாப்பிட்டு, இலையைத் தானே மடக்கி எழுந்தார். நான் வெட்கத்தில் கை கழுவுகிற இடத்துக்கு ஓடிவிட்டேன்.

அந்த மதி என்ற வார்த்தைதான் அவருக்கு ஆகாது. பாவம் என்ற வார்த்தையும். இரண்டில் எதைச் சொன்னாலும் முகம் மாறிவிடும். ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் ஆட்டோக்காரர்கள் காலைப் பார்த்து இரக்கப்பட்டு, "சும்மா கேறிக்கோ மேடம்" என்று ஏறிக்கொள்ளக் கூப்பிட்டால், வேண்டுமென்றே அந்த ஆட்டோவுக்கு முன்னாலேயே நடந்து போவார்.

இப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை சைக்கிளில் ஆபீசுக்கு வந்தார். சாதா சைக்கிள் இல்லை. தடித்த டயரும் கியரும் வைத்த மலைச் சைக்கிள். எதிர்வீட்டுப் பையன் வேலை கிடைத்துத் துபாய்க்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனானாம். டாக்டர் முட்டிக்கு சைக்கிள் நல்லது என்றாராம். அவர் சொன்னது வீட்டுக்குள் நிறுத்தி வைத்து மிதிக்கிற சைக்கிள். இவர் கேட்டுக்கொண்டது இப்படி. சுரிதார் போட்டு அந்தச் சைக்கிளில் அவர் வருவதைப் பார்க்க ஸ்டேஷன் வாசலில் போர்ட்டர்கள் கூடி நின்றார்கள். தெருவில் பெரியவர் ஒருவர் வழிமறித்து, "இந்தக் கோலத்துல கோவில் வாசலைத் தாண்டிப் போறது நன்னாவா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "நன்னா இல்லைன்னா நான் தாண்டற வரைக்கும் அந்தப் பக்கம் பாருங்கோ. கொஞ்சம் நேரம் ஆகும், நான் மெதுவாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தாராம். அதை அவரே சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் பம்ப்செட் கடை வைத்திருந்தார். ஒரு சைக்கிள் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. வருஷத்துக்கு ஒருமுறை, பஸ்ஸில் போய்ச் சேருகிற தூரத்தில் இருந்த ஒரு தேசியப் பூங்கா வழியாக ஊர்ச்சவாரி நடத்துவார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். பேங்க் ஆபீசர், காலேஜ் மாணவர், சந்தையில் மீன் விற்கிறவர், எல்லாரும் வருவார்கள். சைக்கிள்கள் லாரியில், ஆட்கள் பஸ்ஸில். காலையில் ஒரு கேட் வழியாக உள்ளே போய், காட்டு ஜீப் பாதையில் மிதித்து, மலையேற்றம் ஒன்றைத் தாண்டி, சாயங்காலம் மறு கேட் வழியாக வெளியே வர வேண்டும். நாலு மணிக்கு வனக்காவலர்கள் கேட் கம்பை இறக்கிவிடுவார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒரு ஜீப் வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள. ஜீப்புக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி.

முதல் வருஷம் அக்கா பேர் கொடுத்தார். நான் மறு கேட்டில் சாப்பாடு பரிமாறுகிற கோஷ்டியில் இருந்தேன். ஊர்க்காரர் கூப்பிட்டதால் போனது. எல்லாரும் வந்து சாப்பிட்டுப் படுத்தே விட்டார்கள். கடைசியாக ஜீப் வந்தது. ஜீப்பில் ஏறின நாலு ஆண்களின் சைக்கிள்களோடு அவருடையதும் மேலே கட்டியிருந்தது. பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மலையேற்றத்தில் செக்ரட்டரி இரண்டு ஆட்களை விட்டு, "மதி, அக்கா. இவ்வளவு வந்ததே பெரிசு" என்று அவரைச் சைக்கிளோடு சேர்த்துப் பிடித்து இறக்கி ஏற்றியிருக்கிறார். மைக்கில் பேர் சொல்லிச் சான்றிதழ் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்று, "நான் வரலை. ஜீப்பாக்கும் வந்தது. ஜீப்புக்குக் குடுங்கோ" என்றார். பிறகு என்னிடம் வந்து, "சாப்பாடு போடு. பசிக்கறது" என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை கவுன்டரில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த வருஷம் எந்த மாசமாக்கும்?"

அந்த ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் மிதித்தார். அருவிக்கரை போய் வருவார், கோவளம் போய் வருவார். வேகம் கூடியதா என்றால், இல்லவே இல்லை. அதே வேகம். ஆனால் நிற்காமல் நாள் முழுக்க அதே வேகம்.

அடுத்த சவாரிக்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் புதிதாக ஒரு விதி போட்டார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மலையேற்றத்துக்கு முந்தின பாலம் வரை மட்டும் வரலாம், பிறகு ஜீப். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண் என்று அந்தச் சங்கத்தில் இருந்ததே ஒருவர்தான். பம்ப்செட் கடை மாடியில் கூட்டம் நடந்தபோது அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், சண்டை வந்தால் இறங்கி ஓட வசதியாக.

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம்" என்றார் செக்ரட்டரி. "கேட்டு நாலு மணிக்கு அடைச்சிருவான். ஒரு ஆளு உள்ள மாட்டிக்கிட்டா அடுத்த வருசம் பெர்மிசனே கிடையாது. ஆனை நடமாடுத காடு."

"அப்போ நாலு மணிக்குள்ள வரேன்."

"வரலன்னா?"

"வரலைன்னா வந்துண்டிருக்கேன்னு அர்த்தம்."

"காலு வேற இப்படி இருக்குல்லா. பாவம், எதுக்கு இந்த..."

"நிறுத்து!" அவர் கத்தினதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். கீழே கடையில் இருந்த பையன் ஏறி வந்து எட்டிப் பார்த்தான். "என் கால் பாவம்னு உன்கிட்டே வந்து சொல்லித்தா? விதி போடறதானா எல்லாருக்கும் போடு. போன வருஷம் நாலு ஆம்பளை ஜீப்பில கேறினா. அவாளைப் பாலத்தோட நிறுத்தறயா?"

கடைசியில் ஒரு சமாதானம் செய்தார்கள். அவர் வரலாம், ஆனால் மத்தியானத்துக்குள் பாலத்தைத் தாண்டாவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டும். ஏற்றுகிற பொறுப்பு யாருக்கு? ஜீப்பில் லேடீஸ் வாலன்டியராக என்னைப் போட்டார்கள். செக்ரட்டரி என் கையைப் பிடித்து, "நம்ம ஊருக்காரி நீ. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சவாரி நாள். ஜீப் டிரைவர் சுகு, விதுரைக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. முன்னால் சுகுவும் நானும், எங்களுக்கு முன்னால் பாதையில் அந்த ஒற்றைச் சைக்கிள். மற்ற எல்லாரும் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். ஜீப் முதல் கியரில் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. நான் நேந்திரங்காய் வறுவலைத் தின்று தீர்த்து, பாதையோரத்து மரங்களை எண்ணி, அதுவும் அலுத்து, சுகுவிடம் அவருடைய குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்தேன். ஒரு மயில் எங்களை நடந்தே முந்திக்கொண்டு போனது. சத்தியமாகச் சொல்கிறேன்.

பாலத்துக்கு வந்தபோது மத்தியானம் தாண்டி நல்ல நேரமாகியிருந்தது. நான் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினேன்.

"எக்கா, பாலம் வந்தாச்சு. பேசினபடி கேறுங்க."

"பேசினது அவா. நான் சரின்னு சொன்னேனோ?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. சிரிக்கத்தான் சிரித்தார்.

"எனக்கு மானக்கேடு எக்கா!"

"உனக்கு மானக்கேடுன்னா நீ முன்னாடி போ. ஜீப்பையும் கொண்டு போ."

"ஜீப்பு கடைசியாத்தான் போகணும், தெரியும்லா உங்களுக்கு?"

"அப்போ வா பின்னாடி."

சுகு வெற்றிலையைத் துப்பிவிட்டு நைசாக ஒன்று சொன்னார். "மேடம், ஏற்றம் முடியற வரைக்கும் கேறிக்கோ. அப்புறம் எறங்கி மிதிச்சோ. ஆரும் காணாது."

"நான் காண்பேனே சுகு" என்றார் அவர்.

பாலத்தைத் தாண்டினோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்திலிருக்கும்போதுதான் அவர் மிதிப்பதை நிறுத்தாமலே கையைத் தூக்கி எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். சுகு என்ஜினை அணைத்தார். பாதைக்குக் கீழே, புதருக்குள்ளிருந்து ஒரு முனகல்.

பேங்க் ஆபீசர். கையுறை, ஹெல்மெட், புதுச் சைக்கிள் என்று காலையில் எல்லாருக்கும் முன்னால் பறந்தவர். வளைவில் சறுக்கிக் கீழே விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, மேலே ஏற முடியாமல் கிடந்தார். பின்னால் வந்த அத்தனை பேரும் சரசரவென்று தாண்டிப் போயிருக்கிறார்கள், ஒருவர் காதிலும் விழவில்லை. மெதுவாகப் போனால்தான் இதெல்லாம் கேட்கும் என்று அக்கா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். சுகுவும் நானும் அவரைப் பிடித்து மேலே ஏற்றி, சைக்கிளையும் இழுத்துப் போட்டு, அவரை ஜீப்பில் படுக்க வைத்தோம். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஜீப் வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"மேடம் கேறணும்" என்றார் சுகு. "ஒற்றைக்கு விட்டுட்டு நான் போக மாட்டேன். ஆனை உண்டு."

"நீ போ. அவனுக்கு வலிக்கறது. நான் வந்துடுவேன்."

"அது பற்றாது மேடம்." முடியவே முடியாது என்று அர்த்தம்.

பேங்க் ஆபீசர் ஜீப்புக்குள்ளிருந்து, "யாராவது ஒரு முடிவு எடுங்களேன்!" என்று அலறினார். எனக்கு என்ன தோன்றியதோ, கீழே குதித்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். பேங்க் ஆபீசரின் சைக்கிளை நிமிர்த்தினேன். பள்ளிக்கூடம் போக சைக்கிள் மிதித்தவள்தான் நான். "சுகு அண்ணே, நீங்க போங்க. இந்தப் பொம்பளையை நான் கொண்டுட்டு வாறேன்" என்றேன். அன்பில் இறங்கினதில்லை. இந்த ஆளை விட்டால் ஒரு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையே பேசுவாரே என்ற கோபத்தில் இறங்கினேன்.

ஜீப் போன பிறகு காடு திடீரென்று பெரிதாகிவிட்டது. ஈரத்தழை வாசனை. எங்கேயோ மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் ஆனையா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். முதலில் நான்தான் முன்னால் போனேன். ஏற்றம் தொடங்கியதும் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. அவர் அதே வேகத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்தார். நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். அவர் மிதித்தார். இருவருக்கும் ஒரே வேகம்.

"எதுக்குக்கா இந்த வீம்பு?" மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன். "யாருக்குக் காட்டணும்?"

பாதையில் கிடந்த ஒரு கொம்பைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு, "பத்து வயசில காய்ச்சல் வந்து முட்டி வீங்கித்து" என்றார். "அன்னிக்கு ஆரம்பிச்சது. பள்ளிக்கூடத்தில ஓட்டம், நீ பாதியோட நின்னா மதி. டான்ஸ் கிளாஸ், மதி, உக்காந்து பாரு. காலேஜ் தூரமாக்கும், பி.யூ.சி. மதி. கல்யாணம் பேச வந்தவாகிட்டே அப்பாவே சொன்னார், என் பொண்ணு என்கூட இருந்தா மதி. எல்லாரும் நல்லவாடி. ஒருத்தர் கூடக் கெட்டவா இல்லை. நல்லவா சேர்ந்து என்னை ஒண்ணையும் முடிக்க விடலை. இது ஒண்ணையாவது முடிக்கணும் எனக்கு. இந்தக் கேட்டில நுழைஞ்சு அந்தக் கேட்டில வெளியே போகணும், யாரும் தூக்காம. அவ்வளவுதான் வேண்டியது."

சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினேன். தொடை எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்றம் முடிந்து இறக்கத்துக்கு வந்தோம். கீழே மரங்களுக்கு நடுவில் சாப்பாட்டுப் பந்தலின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அப்போதுதான் ஒலிபெருக்கிச் சத்தம் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. செக்ரட்டரியின் குரல், மலையாளத்தில், தெள்ளத் தெளிவாக. சவாரி வெற்றிகரமாக முடிந்தது, பங்கெடுத்த எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள், வனத்துறைக்கு நன்றி. கைதட்டல்.

எல்லாரும்.

நான் பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன். ஜீப் அந்தக் கேட் வழியாகத்தானே போயிருக்க வேண்டும்? சுகு சொல்லியிருப்பாரே? சொன்னார் என்று பிறகு தெரிந்தது. சிறப்பு விருந்தினர் கிளம்புகிற அவசரத்தில், இரண்டு பெண்கள் இன்னும் காட்டுக்குள் என்று சொன்னால் பெர்மிஷனுக்குக் கேடு என்று செக்ரட்டரி அதை விழுங்கிவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கேவலமாக இருந்தது. நான் ஆள் இல்லையா? அக்கா என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வா" என்றார். "அங்கே போய்ப் பேசிக்கலாம்."

கேட்டுக்கு வந்தபோது நாலு மணி தாண்டிக் கம்பு இறங்கியிருந்தது. சிவப்பும் வெள்ளையும் அடித்த நீளமான மூங்கில் கம்பு. அந்தப் பக்கம் பஸ், லாரி, பந்தல், காகிதத் தட்டோடு ஜனங்கள். வனக்காவலர் ஓடி வந்தார். "நாலு மணி கழிஞ்சா வண்டிக்குக் கம்பு தூக்கக் கூடாது. எறங்கி, சைக்கிளைச் சாய்ச்சு, குனிஞ்சு வாங்கோ."

நான் காலை ஊன்றி நின்றுவிட்டேன். அக்கா ஊன்றவில்லை. அந்தச் சைக்கிள் அவர் உயரத்துக்குப் பெரியது. இறங்கினால் மறுபடி ஏற ஒரு கல்லோ படியோ வேண்டும், அங்கே இரண்டும் இல்லை. அவர் கம்புக்கு முன்னால் ஹேண்டிலை வளைத்தார். ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். மண்ணில் டயர் தடம் விழுந்தது.

"கம்பைத் தூக்குங்கோ" என்றார், சுற்றிக்கொண்டே. "நான் எறங்கவும் மாட்டேன், குனியவும் மாட்டேன்."

"சட்டம் அங்ஙனே ஆணு, அப்படித்தான் மேடம்!"

"சட்டம் இருக்கட்டும். நானும் இருக்கேன்."

செக்ரட்டரி கையில் பாயசத் தம்ளரோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, தாயே, எறங்குங்க. எல்லாரும் பாக்குதாங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

"கால் மிதிச்சுண்டிருக்கு, பிடிக்க முடியாது. நீ என்ன சொன்னே மைக்கில?"

அவர் பாயசத் தம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னே. நாங்க கேட்டோம். போய் மாத்திச் சொல்லு. அது வரைக்கும் நான் இங்கே சுத்திண்டிருப்பேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. உனக்கே தெரியும்."

அக்கா போடுகிற வட்டம் கோணலாகத் தொடங்கியது. வலது கால் கீழே இறங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்தார். இன்னும் நாலு சுற்றுக்கு மேல் தாங்காது. விழுந்துவிட்டால் இரண்டு பேர் ஓடிவந்து தூக்குவார்கள், போன வருஷம் போல. எல்லாம் அதோடு போயிற்று. எனக்கு உள்ளுக்குள் என்னவோ அறுந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். "மைக்கை எடும்வே! நாங்க ரெண்டு பேரு உள்ள கெடக்கோம், உமக்கு என்ன பாயசம்?"

அந்தப் பக்கம் மீன் விற்கிற ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு "மைக்கு எடு, மைக்கு எடு" என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். செக்ரட்டரி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போனார். ஒலிபெருக்கி கரகரத்தது. முன்பு சொன்னதில் ஒரு தவறு, இரண்டு லேடீஸ் இன்னும் வரவில்லை என்றார்.

"லேடீஸ் இல்லை!" வட்டமடித்துக்கொண்டே அக்கா குரல் கொடுத்தார். "லேடீஸுக்குப் போட்ட விதியில நாங்க வரலை. சவாரிக்கு வந்தவா!"

மறுபடியும் கரகரப்பு. "சவாரிக்கு வந்த இரண்டு பேர் இன்னும் பூங்காவுக்குள் இருக்கிறார்கள். இதோ, இப்போது வருகிறார்கள்."

வனக்காவலர் செக்ரட்டரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். கம்பு மேலே போயிற்று.

"குட்டி, தள்ளிண்டு வரக் கூடாது. ஏறு" என்றார் அக்கா. "நீ முன்னாடி."

ஏறினேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, கம்புக்குக் கீழே போனது மட்டும் தெரிந்தது. யாரோ கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். கடைசி வட்டத்தை முடித்து, சைக்கிளை நேராக்கி, அதே வேகத்தில், ஒரு துளி கூடக் கூட்டாமல் குறைக்காமல் அவர் வந்தார். கேட்டைத் தாண்டி, பந்தலுக்கு முன்னால் மைக்கோடு நின்ற செக்ரட்டரி வரைக்கும் மிதித்து வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் காலைக் கீழே ஊன்றினார். மூச்சு வாங்கியது. கண்ணாடியை மேலே தள்ளினார்.

"இப்போ சொல்லு" என்றார். "எல்லாரும் வந்தாச்சுன்னு."